பாதி பாட்டில்

நாலாவது வரியோடு நின்றுவிட்டது. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைச் சுற்றி ஏழு வரிகள் பள்ளமாக ஓடுகின்றன. மேலேயிருந்து நாலு இறங்கியாயிற்று, மூன்று பாக்கி. நாலோடு நிறுத்துவது பத்து நாளாகப் பழகிப்போன ஒன்று. தொண்டை அதற்குமேல் கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். தொண்டை பாவம், கொடுத்தால் விழுங்கும். கைதான் தூக்க மாட்டேன் என்கிறது. இந்தக் கையை வேறு பார்க்கச் சகிக்கவில்லை. காலையில் மூன்று, ராத்திரி மூன்று என்று போடுகிற கேன்சர் மாத்திரையால் உள்ளங்கை இரண்டும் தீயில் வாட்டியதுபோலக் கறுத்துத் தோல் உரிகிறது. என் வீட்டுக்காரி ரோணிக்கம் ராத்திரி தேங்காயெண்ணெய் தடவிவிடுகிறாள். போன வாரம் ரேஷன் கடையில் கட்டைவிரலை வைத்தேன், ரேகை விழவில்லை. துடைத்துவிட்டு வைத்தேன், விழவில்லை. இடது கையை வைத்தேன், அதுவும் இல்லை. "பெரியவரே, உங்களுக்கு ரேகையே இல்லையே" என்றாள் கடைக்காரப் பெண். பின்னால் நின்றவர்கள் எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். முப்பத்தொரு வருஷம் டிக்கெட் கிழித்த கட்டைவிரல். எச்சில் தொட்டுக் கிழித்தால் ஒரு டிக்கெட்தான் கிழியும், இரண்டு சேர்ந்து வராது. அந்த விரலில் இப்போது ஒன்றுமில்லை, வழவழவென்று இருக்கிறது. பாட்டில் நழுவுகிறது. மூன்று வரி. குடித்துவிடு. இன்றைக்குக் குடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று தெரியும் அல்லவா, குடித்துவிடு. தெரியும். தெரிந்தும் பாட்டிலை மூடி மடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியின் இந்தக் கீழ்த்தளத்துக்கு ஜன்னல் இல்லை. மேலே வெயில் கொளுத்துகிறது, கீழே ஏசி போட்டு மார்கழி மாதிரி வைத்திருக்கிறார்கள், மெஷினுக்குக் குளிர் வேண்டுமாம். மெஷினுக்கு ஆகிற குளிர் எங்களுக்கு ஆகாது. குளிர்ந்தால் மூத்திரம் முட்டுகிறது. ரேடியேஷன் கரண்ட் வைக்கிற அறையின் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு. அது எரிந்தால் உள்ளே யாருக்கோ ஓடுகிறது என்று அர்த்தம். எரிந்து அணைந்தால் அடுத்த ஆள். இன்றைக்கு எனக்குப் பதினேழாவது. மொத்தம் இருபத்தைந்து. பெஞ்சில் நேராக உட்கார முடியாது, ஆசனவாயைச் சுற்றித் தோல் வெந்து கிடக்கிறது. துண்டை வட்டமாகச் சுருட்டி அதன்மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்கிறேன். முதல்நாள் அந்தப் பெண் நிலோபர், மெஷின் ஓட்டுகிற பெண், சின்னப் பெண், முக்காடு, வெள்ளைக் கோட்டு, எல்லாவற்றையும் நின்று நிதானமாகச் சொன்னது. "அப்பா, மொதல்ல ரெண்டுக்கும் போயிட்டு வந்துருங்க. அப்புறம் இந்த பாட்டில் முழுசும் குடிங்க. முக்கா மணி நேரம் அடக்கி வைக்கணும். மூத்திரப்பை ரொம்பியிருந்தாத்தான் குடலு மேல தள்ளி நிக்கும். ரொம்பலன்னா குடலு எறங்கி வந்துரும், அதுமேலயும் கரண்ட் பட்டுரும்." எனக்கு உடனே விளங்கியது. பஸ்ஸின் முன்படியில் ஆட்கள் ஏற ஏற, உள்ளே நிற்பவர்கள் பின்னால் நகர்கிற மாதிரி. உள்ள தள்ளி நில்லுங்க, உள்ள தள்ளி நில்லுங்க. முப்பத்தொரு வருஷமாக நான் தொண்டை கிழியச் சொன்னதைத்தான் இப்போது என் பை என் குடலுக்குச் சொல்ல வேண்டும். அதற்குத் தண்ணீர் வேண்டும். ஏழு வரியும் வேண்டும்.

அடக்குவது எனக்குப் பெரிய காரியமில்லை என்று நினைத்தேன். கண்டக்டருக்கு அது தொழிலில் பாதி. திருச்சியில் ஏறினால் திண்டுக்கல்லில்தான் இறங்குவேன். ராம்ஜி நகர், இனாம்குளத்தூர், மணப்பாறை, வையம்பட்டி, அய்யலூர், வடமதுரை, தாமரைப்பாடி. நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டேன். குடிக்காவிட்டால் போக வேண்டியதில்லை, அவ்வளவுதான் கணக்கு. பஸ்ஸை நிறுத்திவிட்டு ஐம்பது பேர் பார்க்க ரோட்டோரம் திரும்பி நிற்க என்னால் முடியாது. மற்ற கண்டக்டர்கள் நிற்பார்கள், விசிலை வாயில் வைத்துக்கொண்டே நிற்பார்கள். நான் மாட்டேன். சித்திரை வெயிலிலும் குடிக்க மாட்டேன். ஆறாம் நாள்வரைக்கும் இங்கேயும் அந்தத் திமிர் இருந்தது. ஆறாம் நாள் மேசைமேல் படுத்திருக்கிறேன், கால் இரண்டும் ரப்பர் அச்சில் அழுந்தியிருக்கிறது, இடுப்புக்குக் கீழே துணி இல்லை, ஒரு பச்சைத் துண்டு மட்டும். மெஷின் தலைக்குமேல் வந்து பக்கவாட்டில் இறங்கிச் சுற்றுகிறது. அசையக்கூடாது. வடமதுரை தாண்டியாயிற்று, தாமரைப்பாடி வரப்போகிறது என்று மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அப்போது சூடாக ஏதோ தொடையில். நானாக விடவில்லை, அதுவாக வந்தது. நிறுத்தப் பார்த்தால் நிற்கவில்லை. முதுகுவரைக்கும் ஓடி மேசையின் ஓரத்தில் சொட்டுகிற சத்தம், அந்தப் பெரிய அறையில் அந்தச் சத்தம் மட்டும். மைக்கில் நிலோபர், "அசையாதீங்கப்பா, ரெண்டு நிமிஷம்" என்றது. பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. டிவியில் தெரியுமாம் உள்ளே படுத்திருப்பது எல்லாம். பிறகு வந்து விரிப்பை மாற்றிற்று. "பரவால்லப்பா, இங்க எல்லாருக்கும் நடக்கும்." பஸ்ஸில் வாந்தி எடுத்த பிள்ளையின் அம்மாவிடம் நான் சொல்கிற அதே குரல். பரவால்லம்மா, மண்ணப் போட்டுக்கலாம். அந்தக் குரலைச் சொல்கிறவனாக இருப்பது ஒன்று, கேட்கிறவனாகக் கிடப்பது வேறு. அடுத்த நாளிலிருந்து நாலாவது வரி. மிச்சம் மூன்று வரியையும், லிஃப்ட் பக்கம் ஒரு தொட்டியில் குரோட்டன்ஸ் செடி இருக்கிறது, அதில் ஊற்றிவிடுவேன். யாரும் பார்க்கவில்லை. சூரியனே படாத இடத்தில் அந்தச் செடி கொழுகொழுவென்று நிற்கிறது.

"என்ன கண்டக்டரே, பாட்டிலையே மொறச்சுக்கிட்டு இருக்கீங்க? அதுவா எறங்காது." பக்கத்தில் பொன்னுரங்கம். துறையூர்ப் பக்கத்து மாட்டுத் தரகர், என்னைவிட இரண்டு வயது கூட, எனக்கு மலக்குடலில் கட்டி என்றால் அவருக்குப் புராஸ்டேட்டில். வந்த முதல்நாளே என் பேர், ஊர், ரூட்டு எல்லாம் விசாரித்துவிட்டார். எனக்குப் பேச்சு வராது, அவருக்கு நிற்காது. "எறங்கும்" என்றேன். "நான் ஒரு பாட்டிலும் குடிச்சுட்டு மேல ஒரு டீயும் போட்டேன். சந்தைல தண்ணி காட்டுன மாடு கணக்கா உக்காந்திருக்கேன். வயிறு எடுப்பா இருந்தா மாட்டுக்கு வெல கூடுமில்ல? இன்னிக்கி என்னைய எவனாச்சும் நல்ல வெலைக்குக் கேப்பான்." வயிற்றைத் தட்டிக் காட்டினார். எதிர் வரிசையில் ஒரு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். "உங்களுக்கு எத்தினி முடிஞ்சுது?" "பதினாறு." "கரெக்டா சொல்லுவீங்களே. எனக்குத் தெரியாது, எங்க வீட்டுல தெரியும். முடிஞ்சா அவுத்து விடுவாங்க, அம்புட்டுதான்." இந்த மனுஷன் எப்படி எல்லாவற்றையும் வாயால் தள்ளிவிடுகிறார். நேற்று அந்த இடத்தில் எரிகிறது என்று எல்லாரும் கேட்கச் சொன்னார். நான் டாக்டரிடமே சொல்லவில்லை, ரோணிக்கம்தான் சொன்னாள்.

ரோணிக்கம் மேலே படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருப்பாள், கூட வருகிறவர்களைக் கீழே விடுவதில்லை. மடியில் பை. பைக்குள் உப்புச்சர்க்கரைத் தண்ணீர், மாத்திரை, மாற்று லுங்கி, அதற்கடியில் ஒரு பொட்டலம். அந்தப் பொட்டலத்தில் என்ன என்று இரண்டுபேருக்கும் தெரியும். மருந்துக்கடையில் அவளே கேட்டு வாங்கி, செய்தித்தாள் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறாள். பெரியவர்களுக்கான பேம்பர்ஸ். "வச்சிருப்போம், கெடக்கட்டும்" என்றாள். "எடுத்து எறி" என்றேன். எறியவில்லை. பத்து நாளாக எனக்கு வயிறு நிற்கவில்லை. முதலில் நாலு தடவை, பிறகு ஆறு, நேற்று ஒன்பது. தண்ணீராகப் போகிறது, சளியாக, கடைசியில் வெறும் முக்கல். ஒவ்வொரு தடவையும் வெந்நீரில் உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டுகிறது. அவள் முதலில் கீரையை நிறுத்தினாள். பிறகு பருப்பு. பிறகு பால். பிறகு மோர்ச்சாதத்தில் மோர் புளித்ததோ என்று தினமும் உறை மாற்றினாள். நேற்றுக் காலை அடுப்பங்கரையில் அரிசியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். "எதுலதான் தப்பு பண்றேன்னு தெரியலையே" என்றாள் அரிசியிடம். நான் வாசலில்தான் நின்றேன். உன் அரிசியில் ஒன்றுமில்லை என்று அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், மறுபடியும் வயிற்றைக் கலக்கிற்று, போய்விட்டேன். திரும்பி வந்தபோது குழைய வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு இங்கே வந்தோம், டாக்டர் படத்தைக் காட்டினார். வாரத்துக்கு ஒருதரம் மெஷினிலேயே படம் எடுப்பார்கள். "பை பாதிதான் ரொம்புது. குடலெல்லாம் கீழ எறங்கி நிக்கிது. அதான் இவ்வளவு வயித்தால போகுது. தண்ணி முழுசும் குடிக்கிறாரா?" நான் வாயைத் திறக்குமுன் ரோணிக்கம் சொன்னாள், "முழுசும் குடிக்கிறாரு டாக்டர். அவரு எதையும் கணக்கா செய்யிற ஆளு." அதில் ஒரு பெருமை வேறு. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தரையில் ஆறு கல்லுக்கு ஒரு கல் வேறு நிறம். "அப்ப பை சுருங்கிருச்சுபோல. நாளைக்கிப் படம் எடுத்துப் பாப்போம். நாளைக்கும் இப்படியே இருந்தா ட்யூப்பு போட்டுத் தண்ணிய ஏத்தணும். அதுக்கும் ஒத்துவரலன்னா ஒரு வாரம் நிறுத்தித்தான் ஆகணும், குடல் தாங்காது. ஆனா நிறுத்துனா கட்டிக்குத்தான் லாபம்." கட்டிக்குத்தான் லாபம். பஸ்ஸில் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதுவே ஓடிற்று. ரோணிக்கம் ஜன்னல் பக்கம் திரும்பி ஜெபமாலையை உருட்டிக்கொண்டு வந்தாள். இல்லாத நோய்க்கு ஜெபம். என் பை சுருங்கவில்லை. சுருக்கியது நான். இன்றைக்குப் படம். இன்றைக்கு ஏழு வரியும் குடித்தே தீர்வது என்று விடிய விடிய முடிவு செய்து, காலையில் பஸ்ஸில் முடிவு செய்து, இங்கே வந்து உட்கார்ந்து நாலோடு நின்று, பாட்டிலை மூடியும் ஆயிற்று.

கதவு திறந்தது. விளக்கு எப்போது அணைந்தது என்று கவனிக்கவில்லை. நிலோபர் வெளியே வந்து நின்றது, முகத்தில் களைப்பு. "கொஞ்சம் லேட்டாகும். மெஷினு பாதில நின்னுருச்சு, இஞ்சினியர் பாத்துக்கிட்டு இருக்காரு. முடிஞ்சவரைக்கும் அடக்கிக்கங்க, பாத்ரூம் போயிட்டா மறுபடியும் மொதல்லேர்ந்து குடிக்கணும்." "எம்புட்டு நேரம்மா?" என்றார் பொன்னுரங்கம். "தெரியலப்பா." "மாடா இருந்தா இந்நேரம் தரையில கோலம் போட்டிருக்கும்மா." அது சிரித்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டது. லேட் என்றால் எனக்கு லாபம்தான், மீதியைக் குடித்தால் நிரம்ப நேரம் கிடைக்கும். குடி. மூடியைத் திறந்தேன். வாயில் இரும்பு ருசி, மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து தண்ணீருக்குக்கூட அந்த ருசி. பழைய பஸ்ஸின் கம்பியை நக்கினால் இப்படித்தான் இருக்கும். குடித்ததே முட்டுகிறது. இனாம்குளத்தூர் வந்தாயிற்று, மணப்பாறை வரைக்கும் தாங்கும். வையம்பட்டி தாண்டி ஒரு புளியமரம். டிரைவர் மருதையன் அங்கே வண்டியை ஓரங்கட்டுவான். ஆறு வருஷம் என்னோடு ஓட்டினான். நான் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. என் முகத்தைக் கண்ணாடியில் பார்ப்பான்போல. என்றைக்காவது எனக்கு முட்டினால், அந்த மரத்தடியில் வண்டி நிற்கும். "என்னய்யா, என்னாச்சு?" என்று பயணிகள் கத்துவார்கள். "டயரு சத்தம் ஒரு மாதிரி இருக்கு, பாத்துட்டு வந்துர்றேன். கண்டக்டர், அந்தப் பக்கம் பாருங்க" என்று இறங்கி, ஒரு கம்பியால் டயரைத் தட்டிக்கொண்டே இருப்பான், டங், டங் என்று. ஐம்பது பேரும் அவனையும் டயரையும் பார்ப்பார்கள். அந்தப் பக்கம் மரம். நான் வந்து படியில் ஏறுகிறவரைக்கும் தட்டுவான். "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு. போலாமா?" அவ்வளவுதான். ஒருநாளும் அதைப்பற்றிப் பேசியதில்லை. ஒருநாளும் பரவால்ல என்று சொன்னதில்லை.

பக்கத்தில் சத்தமே இல்லை. அதுதான் முதலில் பட்டது. பொன்னுரங்கம் பேசாமல் இருக்கிறார். திரும்பவில்லை, ஓரக்கண்ணால் பார்த்தேன். இரண்டு கையாலும் பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருக்கிறார். வேட்டி மடியில் ஒரு இடம் கறுத்து, அது பெரிதாகிக்கொண்டே போகிறது. பெஞ்சின் ஓரத்திலிருந்து சொட்டு, பிறகு கோடாக. தரையில் என் செருப்பை நோக்கி ஓடி வருகிறது. அவர் நேரே சுவரைப் பார்த்தபடி இருக்கிறார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். மேசைமேல் படுத்திருந்தபோது எனக்கு அந்த முகம்தான் இருந்திருக்கும். எதிரே இருக்கிற அம்மா பையில் எதையோ தேடுகிறார், இன்னும் நிமிரவில்லை. லிஃப்ட் பக்கம் துடைப்பக்கட்டையோடு துப்புரவு அம்மா வருகிறது. நான் யோசித்தேன் என்று சொல்ல முடியாது. மூடி திறந்த பாட்டில் கையில் இருந்தது. வழவழத்த விரல், நழுவ விட வேண்டியதுதான். அவர் மடியில் பாதி, என் லுங்கியில் பாதி, பெஞ்செல்லாம், தரையெல்லாம். பாட்டில் உருண்டுகொண்டு எதிர் வரிசை வரைக்கும் போயிற்று.

"ஐயையோ" என்றேன், என்னால் முடிந்த அளவு சத்தமாக. இந்த அறையில் நான் போட்ட முதல் சத்தம். "கை வழுக்கிருச்சு. மன்னிச்சுக்கங்கய்யா, உங்க வேட்டியெல்லாம் நனைஞ்சுபோச்சு." துப்புரவு அம்மா அங்கிருந்தே ஆரம்பித்துவிட்டது. "இப்பத்தான் தொடச்சேன்! யாரு ஊத்துனது?" "நான்தாம்மா." "ஒரு பாட்டிலப் புடிக்க முடியல? சின்னப் புள்ளையா?" "கையில தோலு இல்லம்மா, நழுவுது." கையைக் காட்டினேன். யாருக்கும் காட்டாத கை. அது பார்த்துவிட்டுத் தேய்க்க ஆரம்பித்தது. "நவுருங்க, காலத் தூக்குங்க." பொன்னுரங்கம் என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்ததா என்று சொல்ல முடியாது, நான் அதற்குள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். டயரைத்தான் பார்க்க வேண்டும், ஆளைப் பார்க்கக் கூடாது. "கண்டக்டரே" என்றார். பிறகு, "என்னய இப்படிக் குளிப்பாட்டி விட்டுட்டீங்களே, போய் வேட்டிய மாத்திக்கிட்டு வர்றேன்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு எழுந்து, வேட்டியைக் கையில் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு போனார். நடை மட்டும் பழைய நடை இல்லை.

நான் உருண்டுபோன பாட்டிலை எடுத்து வந்து ஈரத் துண்டின்மேல் உட்கார்ந்திருந்தேன். பாட்டில் காலி. ஏழு வரியும் காலி. உள்ளே இருப்பது நாலு வரி. படம் எடுத்தால் பாதிதான் தெரியும். அப்புறம் ட்யூப். அல்லது ஒரு வாரம் நிறுத்தம், கட்டிக்குத்தான் லாபம். ரோணிக்கம் மறுபடியும் அரிசியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். தண்ணீர் கொட்டிவிட்டது, அதனால் குறைவு என்று சொல்லிவிடலாம், இன்றைக்கு ஒரு நாளைக்கு அது நடக்கும், யாரும் நம்புவார்கள், துப்புரவு அம்மாவே சாட்சி. நல்ல சாக்கு. இவ்வளவு நல்ல சாக்கு கைக்கு வந்ததே இல்லை. ஆனால் அது இன்றைக்கு மட்டும்தான் ஓடும். நாளைக்கு மறுபடியும் நாலாவது வரி என்னைப் பார்க்கும். அலுப்பாக இருந்தது. வயிற்றுப்போக்கைவிட, எரிச்சலைவிட, இந்தச் செடிக்கு ஊற்றுவதும், யார் பார்க்கிறார்கள் என்று பார்ப்பதும், ரோணிக்கத்தின் முகத்தைப் பார்க்காமல் மோர்ச்சாதம் சாப்பிடுவதும் அலுத்துப்போயிருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. ஓடுகிறது. அணைந்தது. கதவு.

"சந்தியாகு அப்பா, வாங்க. மெஷின் ரெடி." எழுந்தேன். ஈர லுங்கி தொடையில் ஒட்டிற்று. கதவுவரைக்கும் போய் நின்றேன். உள்ளே போகவில்லை. "என்னப்பா?" "பாதிதான் குடிச்சேம்மா." "கொட்டிருச்சுன்னு சொன்னாங்க, பரவால்ல..." "இன்னிக்கி மட்டும் இல்ல. அன்னிக்கி மேசைல ஆச்சுல்ல, அதுக்கப்புறம் தெனமும் பாதிதான். நாலு வரி." அது புரியாமல் பார்த்தது. பாட்டிலைக் காட்டினேன், வரியைத் தொட்டுக் காட்டினேன். "மிச்சத்த என்ன பண்ணுனீங்க?" திரும்பி லிஃப்ட் பக்கம் பார்த்தேன். அதுவும் பார்த்தது. உதட்டைக் கடித்துக்கொண்டது, சிரிப்பை அடக்கவா கோபத்தை அடக்கவா தெரியவில்லை. "அப்பா, அந்த ஒரு நாளைக்கா இவ்வளவும்?" "ஆமா." பிறகு உள்ளே போய் ஒரு புது பாட்டிலோடு வந்தது. "டாக்டர்கிட்ட நீங்களே சொல்லணும். நான் கூட நிக்கிறேன். இப்ப இத முழுசும் குடிங்க, உங்களக் கடைசியாப் போட்டுக்கிறேன். ஆனா அடக்க முடியலன்னா அசையாம இருக்கணும், அது போதும். துணிய நான் மாத்திக்கிறேன், எனக்கு அது வேலை." எனக்கு அது வேலை. பரவால்ல என்பதைவிட அது எவ்வளவோ மேலாக இருந்தது. "ஒரு நிமிஷம்மா. மேல எங்க வீட்டம்மா ஒரு பொட்டலம் வச்சிருக்காங்க. மேசைல ஏறுற வரைக்கும் போட்டுக்கலாமா?" "தாராளமா. ஏறுறப்ப கழட்டிக்கலாம்."

படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேதான் ஏற முடிந்தது. ரோணிக்கம் என்னைப் பார்த்ததும் எழுந்தாள், கண் நேரே லுங்கிக்குப் போயிற்று. "என்னாச்சு?" "தண்ணி." "தண்ணியா?" "தண்ணிதான். அந்தப் பொட்டலத்த எடு." அவள் பையைத் திறக்காமல் நின்றாள். "ரோணிக்கம், மோர்ல ஒண்ணும் இல்ல. அரிசில ஒண்ணும் இல்ல, பருப்புலயும் இல்ல. நான் குடிக்கல. பத்து நாளா பாதிதான் குடிச்சேன்." என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும். அவள் செய்தித்தாளைப் பிரித்தாள், முடிச்சு இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தாள். "நேத்து டாக்டர்ட்ட என்னைய அப்படிப் பேச விட்டுட்டு நின்னீங்கள்ல" என்றாள், நிமிராமல். "ஆமா." "வீட்டுக்கு வாங்க, பேசிக்கிறேன்." மாற்று லுங்கியையும் சேர்த்துக் கையில் வைத்தாள்.

கீழே திரும்பி வந்தபோது பெஞ்சு துடைத்திருந்தது. பொன்னுரங்கம் மாற்று வேட்டியில், மடியில் ஒரு புது பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் முதலிலிருந்து. நடக்கையில் இடுப்பில் அந்தப் பொட்டலத்துச் சரக்கு சரசரத்தது, அவருக்குக் கேட்டிருக்கும், கேட்டதாகக் காட்டவில்லை. "கடைசி வண்டி நம்ம ரெண்டு பேரும்தானாம்" என்றார். "எங்க உக்காரணும், சொல்லுங்க." மூடியைத் திருகினேன். இரும்பு ருசி. முதல் வரி. இரண்டு. மூன்று. நாலாவது வரியில் கை நின்றது, பழக்கம். திருச்சியில் இப்போதுதான் வண்டி எடுக்கிறார்கள், ராம்ஜி நகர்கூட வரவில்லை, நேரம் கிடக்கிறது. பாட்டிலை மறுபடி தூக்கினேன். "உள்ள தள்ளி உக்காருங்க" என்றேன்.